கூச்சப்படாமல் குழாயைத் திறங்கள்

வாசகர் கேள்வி – பதில்

முதல் முறையாக ஃபிளாட் வாடகைக்கு எடுப்பது பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். 22 வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களின் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவள் நான். அதே காலத்தில் ஏழு வாடகை வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். பதில்கள் இரண்டு அனுபவத்திலிருந்தும் வருகின்றன.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. முதல் வேலை. இதுவரை இரண்டு ஃபிளாட் பார்த்துவிட்டேன். ஓனர் பக்கத்திலேயே நிற்கும்போது எதைத் தொட்டுப் பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரியாமல் "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வீடு. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதல் வீடு பார்க்கப் போகும் எல்லோரும் விருந்தாளி போலத்தான் உள்ளே நுழைகிறார்கள். ஹாலில் நின்று சுற்றிப் பார்ப்பார்கள், பால்கனியை எட்டிப் பார்ப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். என் முதல் வீட்டையும் அப்படித்தான் பார்த்தேன். மேல்மாடி, நல்ல வெளிச்சம், நல்ல காற்று. குழாயைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. குடிபோன மறுநாள் காலை ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வடிந்தது. ஒரு வாளி நிறைய ஏழு நிமிடம் ஆனது. 14 மாதம் அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. தண்ணீரை அழுத்தித் தள்ளும் பிரஷர் பம்பு வைக்காத கட்டடத்தில் மாடித் தொட்டி இருக்கும் உயரம்தான் தண்ணீருக்கு வேகம் கொடுக்கிறது. தொட்டித் தண்ணீர் உங்கள் குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தால் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடியில் அந்த உயரம் 3 மீட்டர் என்றால் அழுத்தம் 0.3 பார்தான். அதனால் மேல்மாடி வீடு என்றால் பிரஷர் பம்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் குளியலறைக்குப் போங்கள். "தண்ணி வேகம் பார்த்துக்கிறேங்க" என்று ஓனரிடம் சொல்லிவிட்டு ஷவரைத் திறங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வாஷ்பேசின் குழாயையும் திறந்து, ஃப்ளஷ்ஷையும் அழுத்துங்கள். ஷவர் அடங்கிப்போகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடி ஓடும். மூலையில் தேங்கினால் அங்கே பாசி பிடிக்கும், வழுக்கும். குழாயை மாற்றலாம், பல்பை மாற்றலாம். வாட்டத்தைச் சரிசெய்யத் தரையையே பெயர்க்க வேண்டும். உங்களுக்காக அதை யாரும் செய்யப்போவதில்லை.

அடுத்தது சுவர். எல்லாச் சுவரும் மங்கியிருக்க, ஒரு சுவர் மட்டும் புது பெயின்ட்டில் பளிச்சென்று இருந்தால் அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல பூச்சு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே ஈரம் ஏறி விட்டுப்போன பூச்சு 'தொப்' என்று பொள்ளலாக ஒலிக்கும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் பெயின்ட் உரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். கூரையில் பழுப்பு வளையம் தெரிந்தால் மேல் வீட்டுக் குளியலறை கசிகிறது, அல்லது மேலே தளம் ஒழுகுகிறது. அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள். சுவரில் பெயின்ட் அடித்து மறைப்பவர்கள்கூட அலமாரிக்குள் வரும் பூஞ்சை வாடையை மறந்துவிடுவார்கள்.

போன் சார்ஜரைக் கையோடு கொண்டு போங்கள். ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் செருகிப் பாருங்கள். பாயின்ட்டைச் சுற்றிப் பழுப்பாகக் கருகிய தடம் இருந்தால் அங்கே ஒயர் இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. மெயின் போர்டில் 'டெஸ்ட்' என்று சின்னதாக ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றும் கருவி அது. வீடுகளுக்கு வழக்கமாகப் பொருத்துவது 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் வகை. ஓனரிடம் சொல்லிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு கருவியே இல்லை என்றாலோ, குடிபோவதற்கு முன் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் இல்லாத கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால், அதை எடுத்துக்கொடுத்தால்தான் குடிவருவேன் என்று ஓனரிடம் சொல்லுங்கள். அடைத்த அறையில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் லேசாகத் தலை சுற்றுகிறது என்று நினைப்பதற்குள் மயங்கிவிடுவார். எடுக்க மாட்டேன் என்றால் அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பிடித்திருந்தால் அன்றைக்கே சரி சொல்லாதீர்கள். வேலை நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, படுக்கையறை ஜன்னலில் எவ்வளவு சத்தம் கேட்கிறது, போனில் சிக்னல் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரைப் படியில் பார்த்தால் "இங்கே தண்ணி எப்படிங்க?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவும் செய்தால் ஓனர் கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்கிறீர்கள் அல்லவா? கட்டடத்தை அக்கறையாக வைத்திருக்கும் ஓனர் யாரும் குழாயைத் திறந்ததற்காகக் கோபித்து நான் பார்த்ததில்லை. கவனித்துப் பார்க்கிறவர் வீட்டையும் கவனமாக வைத்திருப்பார் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: என் மகன் வேறு ஊரில் வேலைக்குச் சேரப் போகிறான். விளம்பரத்தில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறான். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறாராம். ஒரு மாத வாடகையை டோக்கன் அட்வான்ஸாக அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அந்தப் பகுதியில் மற்றவர்கள் கேட்பதில் பாதி வாடகைதான். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. வெளிநாட்டில் இருக்கும் ஓனர், பாதி வாடகை, கூரியரில் சாவி, வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் என்று நான்கும் ஒன்றாக வந்தால் அது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. அந்தப் படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதே சோபா வேறொரு ஊர் விளம்பரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். மகன் முதல் இரண்டு வாரம் விடுதியில் தங்கட்டும். நேரில் போய்க் கதவைத் திறந்து உள்ளே நின்ற பிறகுதான் பணப் பேச்சு.

கேள்வி: மேடம், நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து வீடு எடுக்கிறோம். அக்ரிமென்ட் என் பெயரில் மட்டும் போடலாம், ஒருவர் போதும் என்கிறார்கள். அக்ரிமென்ட்டில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் பெயர் மட்டும் இருந்தால் மூன்று பேர் வாடகைக்கும் ஓனரிடம் நீங்கள் ஒருவர்தான் பொறுப்பு. ஒரு நண்பர் வேலை மாறிப் போய்விட்டால் அவர் பங்கை ஓனர் உங்களிடம்தான் கேட்பார். மூன்று பெயரும் இருந்தால் வேறு மாதிரி: பெரும்பாலான அக்ரிமென்ட்களில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று ஒரு வரி இருக்கும். அப்படியென்றால் முழு வாடகையையும் மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனாலும் மூன்று பெயரும் இருப்பதே நல்லது. வீட்டில் இருக்க மூவருக்கும் உரிமை வரும், பொறுப்பும் வரும்.

அதோடு நீங்கள் மூவரும் தனியாக ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸில் யார் எவ்வளவு கொடுத்தார், நடுவில் போகிறவர் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அவருக்குப் பதில் ஆள் பிடிப்பது யார் வேலை, இந்த மூன்றும் போதும். நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று தோன்றும். எழுதி வைத்தவர்கள் காலி செய்த பிறகும் நண்பர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அக்ரிமென்ட்டில் நான் முதலில் தேடுவது வெளியேறும் பகுதியை. எத்தனை மாத நோட்டீஸ், அது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றா, லாக்-இன் காலம் (இத்தனை மாதம் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை) உண்டா, அதற்குள் காலி செய்தால் என்ன பிடிப்பார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பி வரும். 'காலி செய்ததும்' என்று இருந்தால் விடாதீர்கள். 'சாவி ஒப்படைத்த இத்தனை நாளுக்குள்' என்று எண் போடச் சொல்லுங்கள். வாடகை எப்போது, எவ்வளவு உயரும் என்பதும் எண்ணாக இருக்கட்டும். ரிப்பேர் வந்தால் எது ஓனர் செலவு, எது உங்கள் செலவு என்பதும் எழுத்தில் வரட்டும். பொதுவாகக் குழாய் வாஷர், பல்பு மாதிரி சின்னவை குடியிருப்பவருக்கு. சுவர், கூரை, ஒயரிங், சுவருக்குள் ஓடும் பைப் எல்லாம் ஓனருக்கு. காலியாக விட்ட கோடுகள் இருந்தால் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவர் பெயரும் மின்கட்டண ரசீதிலோ வீட்டுவரி ரசீதிலோ இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அவருக்கு வாடகைக்கு விட அதிகாரம் கொடுத்த தாளைக் கேளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் குடியிருந்த முதல் வீட்டைக் காலி செய்தேன். பெயின்ட், ஆணி ஓட்டைகள், சமையல் மேடை விரிசல் என்று சொல்லி அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். விரிசல் நான் வரும்போதே இருந்தது. ஆனால் போட்டோ எடுத்து வைக்கவில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். உங்கள் போனில் முதல் இரண்டு மாதப் படங்களைத் தேடுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு இதே நிலைமை. குடிபோன ஒன்பதாம் நாள் குழந்தையை மேடையில் உட்கார வைத்து எடுத்த படம் கிடைத்தது. குழந்தையின் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்த விரிசல் தெளிவாகத் தெரிந்தது, படத்தில் தேதியும் இருந்தது. அதை அனுப்பியதும் விரிசலுக்குப் பிடித்த பணம் திரும்பி வந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது அந்த மேடைக்கு முன்னால் நின்று படம் எடுத்திருப்பார்கள். உறவினர்களின் போனிலும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஓனருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். எதற்கு எவ்வளவு பிடித்தார் என்று தனித்தனியாக, ரசீதோடு கேளுங்கள். புழக்கத்தில் இயல்பாக வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்பது பல நாடுகளின் வாடகைச் சட்டங்களில் உள்ள கொள்கை. வெயிலில் மங்கிய பெயின்ட், நடந்து தேய்ந்த தரை, ஒன்றிரண்டு ஆணித் துளைகள் தேய்மானம். உடைந்த கண்ணாடி, தீப்பட்ட கதவு சேதம். சேதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் முழுச் செலவும் உங்கள் தலையில் விழக்கூடாது. ஒரு பெயின்ட் ஐந்து வருடம் வரும் என்றால், மூன்று வருடம் உங்கள் காலத்தில் போய்விட்டது. மீதி இரண்டு வருடத்தின் மதிப்பை மட்டும்தான் கேட்பது நியாயம். காலி செய்யும்போது பெயின்ட் செலவு உங்களுடையது என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தொகையை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் குடிபோகிறேன். தனியாக. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சாமான் உள்ளே வருவதற்கு முன் ஒரு மணி நேரம் காலி வீட்டில் இருங்கள். வாசலில் தொடங்கி வலப்பக்கமாகவே சுற்றி, ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். கீறல், விரிசல் எதைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் படம் எடுங்கள்; அளவு தெரியும். மின்மீட்டர் எண்ணையும் படம் எடுங்கள். எல்லாவற்றையும் அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

மீட்டரிடம் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு அதைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் கரண்ட் ஓடும்போது ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னும். அணைத்த பிறகும் அப்படி மின்னிக்கொண்டே இருந்தால் வேறு ஏதோ உங்கள் கணக்கில் ஓடுகிறது. ஒரு கட்டடத்தில் மாடிப்படி விளக்குகள் முழுக்க ஒரே ஒரு வீட்டு மீட்டரில் இருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஓனரிடம் சொல்லி, வாசல் பூட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே என்று தேடுங்கள். நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் இரவு 2 மணிக்கு ஒரு பையன் போன் செய்தான். குடிவந்து நான்கு நாள். வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த டியூப் வெடித்து, படுக்கையறை வரை தண்ணீர். வால்வு குளியலறைக் கதவுக்குப் பின்னால், தலைக்கு மேலேதான் இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. நாங்கள் போய்த் திருப்பினால் உப்புப் படிந்து இறுகிப்போயிருந்தது, ஸ்பேனர் வைத்தும் அசையவில்லை. கடைசியில் மாடித் தொட்டியின் வால்வை மூடி, 16 வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்தினோம். அதனால் வால்வைக் கண்டுபிடித்தால் போதாது. ஒருமுறை முழுவதும் மூடி, குழாயில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி திறந்துவிடுங்கள். கையால் திருப்ப முடியவில்லை என்றால் முறுக்கிப் பலவந்தம் செய்யாமல் ஓனரைக் கூப்பிடுங்கள், பகலிலேயே.