‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் கவிதையை எப்படித் திருத்துவது?

கேள்வி: கல்லூரிக் கவிதைப் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். நான் வாசித்து முடித்ததும் சிலர் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள். சிலர் ‘உரைநடை மாதிரி இருக்கு’ என்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?

பதில்: இரண்டாவது அணி சொல்வதுதான் உங்களுக்கு உதவும். வரிகளை எல்லாம் சேர்த்து ஒரே பத்தியாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லையென்றால் வரிகளை மடக்கியதில் பயனில்லை. பெயரெச்சங்கள் அடுக்கடுக்காக வரும் தமிழில் இது எளிதில் நேரும். ‘மழையில் நனைந்த / தெருவில் நின்ற / பேருந்தின் / ஜன்னல்’ என்று மூச்சு வாங்கும் இடமெல்லாம் வெட்டினாலும் அது ஒரு நீண்ட பெயர்த்தொடர்தான்.

ஆனால் வினையும் எதிர்மறையும் ‘என்று’வும் கடைசியில் வருவது நமக்கு வசதி. வாக்கியம் முடிந்துவிட்டது என்று வாசகர் நினைக்கும் இடத்தில் மடக்கலாம்:

அம்மா அழவேயில்லை
என்றார்கள்

முதல் வரியில் நடந்ததாக நின்ற செய்தி, இரண்டாம் வரியில் பிறர் சொல்லிக் கேட்டதாகிவிடுகிறது. ஒரே வரியில் எழுதினால் அந்தச் சந்தேகம் எழாது. ஒரு கவிதையில் இதை ஒருமுறை செய்தால் போதும். அடுத்த முறை வித்தை வெளுத்துவிடும்.

அடுத்து, ‘இன்’ உருபைத் தேடி வட்டமிடுங்கள். ‘மௌனத்தின் விரல்கள்’, ‘நினைவின் ஈரம்’ போன்றவை படிமம், அதாவது கண்முன் தெரியும் காட்சி, கிடைத்துவிட்டதாக மயக்கும். அந்த விரல் எதைத் தொட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. பதில் இல்லாததை அடித்துவிடுங்கள். கவிதையை விளக்கும் கடைசி வரிக்கும் இதே கதிதான்.

பட்டறையில் நீங்களே வாசிக்காதீர்கள். உங்கள் குரல் ஓட்டைகளை மூடிவிடும். ஆளுக்கொரு படி கொடுத்து, வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நாக்கு தடுமாறும் இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு தீர்ப்பு கேட்காமல், ‘என்ன கண்ணில் தெரிந்தது, எங்கே கவனம் நழுவியது?’ என்று கேளுங்கள். பத்து நிமிடம் வாய் திறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொன்னீர்களானால் அவர்கள் விளக்கத்தைத்தான் விமர்சிப்பார்கள். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது. அவர்கள் சொல்லும் மாற்றுச் சொல்லை ஏற்க வேண்டியதில்லை.

புதுக்கவிதைதான் எழுதுவேன் என்றாலும் வாரம் ஒரு குறள் வெண்பா எழுதிப் பழகுங்கள். இரண்டே அடிகள்: முதலடியில் நான்கு சீர் (அசைகள் சேர்ந்த ஓசைத் துண்டு), ஈற்றடியில் மூன்று. ஒரு சீர் அடுத்த சீரோடு இணைவதுதான் தளை. அதன் விதி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். அதாவது மா, விளம், காய் என்று முடியும் சீரையடுத்து வரும் சீர் எந்த அசையில் தொடங்க வேண்டும் என்பது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய வாய்பாடுகளில் (ஓசை அளவைக் காட்டும் மாதிரிச் சொற்கள்) ஒன்றில் முடிய வேண்டும். தளை தட்டும்போது முதலில் தோன்றிய சொல்லைக் கைவிட்டு மூன்றாவது, நான்காவது சொல்லைத் தேட வேண்டிவரும், பயிற்சியே அதுதான். அவசரத்தில் ‘தான்’, ‘அந்த’ என்று இட்டு நிரப்பினால் இலக்கணம் தேறும். ஆனால் இருப்பதே ஏழு சீர். ஒன்று வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.