காஸ் அடுப்போடு இன்டக்ஷன் அடுப்பும் வாங்கினால் மாதச் செலவு குறையுமா?

கேட்டவர் மட்டக்களப்புக்காரர். வீட்டில் ஐந்து பேர், மாதம் ஒரு 12.5 கிலோ சிலிண்டர் முடிகிறது. காஸ், மின்சாரம் இரண்டையும் கலந்து பாவித்தால் மிச்சம் வருமா என்பது கேள்வி.

வரும். ஆனால் புதிய அடுப்புக்குக் கொடுத்த காசை மீட்டுத் தருமளவுக்கு வராது. கல்லடியில் எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான். நான் வாங்கி அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு 12.5 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 160 அலகு மின்சாரத்துக்குச் சமம். ஆனால் காஸ் அடுப்பில் அதில் பாதியை விடச் சற்றுக் கூடுதலாகத்தான் சட்டிக்குள் போகிறது. மீதி குசினியைச் சூடாக்குகிறது. சித்திரை வெயிலில் அடுப்படியில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்டக்ஷனில் எண்பது வீதத்துக்கு மேல் சட்டிக்கே போய்விடும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் சுமார் 100 அலகு மின்சாரம் செய்துவிடும். சிலிண்டரின் விலையை நூறால் வகுத்துப் பாருங்கள். 4,000 ரூபாய் என்று வைத்தால், ஓர் அலகு 40 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும்வரை மின்சாரம் மலிவு, மேலே போனால் காஸ் மலிவு.

இங்கேதான் நான் ஏமாந்தேன். மின் பட்டியலின் மொத்தத் தொகையை மொத்த அலகால் வகுத்து, "அட, இவ்வளவு குறைவா" என்று மகிழ்ந்தேன். பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, நீங்கள் புதிதாகச் சேர்க்கப்போகும் அலகின் விலையை. நம் வீட்டுக் கட்டணம் 30, 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. படி ஏற ஏற அலகின் விலையும் ஏறும், மாத நிலையான கட்டணமும் ஏறும். அறுபதைத் தாண்டினால் முதல் அறுபது அலகின் விலையே மாறிவிடும். எங்கள் வீட்டுப் பாவனை மாதம் 95 அலகு. சமையல் முழுவதையும் இன்டக்ஷனுக்கு மாற்றிய மாதம் அது 195 ஆனது. கடைசிப் பதினைந்து அலகு மிக விலையான படியில் விழுந்தது, நிலையான கட்டணமும் சேர்ந்து எகிறியது. காஸில் மிச்சம் பிடித்ததை விடக் கூடுதலாக மின்சாரத்துக்குக் கட்டினேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தார், அவ்வளவுதான்.

இப்போது செய்வது வேறு. 95 இலிருந்து 120 வரை எனக்கு இருபத்தைந்து அலகு இடம் இருக்கிறது. அதே படி, அதே நிலையான கட்டணம். அந்த இருபத்தைந்தைத் தேநீர்த் தண்ணீருக்கும் இரவுச் சோற்றுக்கும் செலவழிக்கிறேன். முப்பது நாளில் முடிந்த சிலிண்டர் இப்போது நாற்பது நாள் வருகிறது. மாற்றிய திகதியைச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பதால் இது ஊகம் இல்லை. நான் கணக்குப் பார்த்தபோது இருந்த கட்டணத்தில் மாதம் நானூறு ரூபாய் போல மிச்சம்.

ஆனால் கவனியுங்கள், அந்தத் தேநீரும் சோறும் மின்கேத்தலிலும் ரைஸ் குக்கரிலும் ஆகின்றன. இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தவை. இன்டக்ஷனுக்கு எனக்கு ஆன செலவு 31,000 ரூபாய். அடுப்பு அதில் பாதிதான். அலுமினியச் சட்டி ஒன்றும் அதில் வேலை செய்யாது, காந்தம் ஒட்டும் அடி வேண்டும். மண்சட்டியில் மீன்கறி வைப்பதை மறந்துவிடலாம். நீற்றுப்பெட்டி வைக்கும் பிட்டுப் பானையும் அலுமினியம், அதுவும் காஸுக்கே திரும்பியது. 2,000 வற் அடுப்பை மூன்று முள் பழைய 5 அம்பியர் பிளக்கில் செருகி அது கருகியதும் என் கெட்டித்தனம்தான். அது கிட்டத்தட்ட ஒன்பது அம்பியர் இழுக்கும். தனி வயர் இழுத்தவருக்குக் கூலி வேறு. மாதம் நானூறு மிச்சப்பட்டு 31,000 திரும்ப ஆறு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை அடுப்பு உயிரோடு இருந்தால்.

காஸையும் மின்சாரத்தையும் கலப்பவர்களுக்கு எங்கும் இதே கணக்குத்தான். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வீட்டில் குளிருக்கு இரட்டை எரிபொருள்: வெளியே, காற்றில் உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் மின்சார ஹீற் பம்ப், நிலவறையில் காஸ் உலை. இலேசான குளிரில் பம்ப் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் தரும். குளிர் கூடக் கூட அது குறையும், ஒரு கட்டத்தில் காஸ் உலை எரியத் தொடங்கும். அந்தக் கட்டத்தை நிர்ணயிப்பது இரண்டு எரிபொருளின் விலை. 2025 ஏப்ரல் 1 இல் அங்கே காஸ் போன்ற எரிபொருளுக்கு நுகர்வோர் கட்டிவந்த கார்பன் கட்டணம் நீக்கப்பட்டதும் காஸ் மலிந்தது, அவளுடைய கணக்கும் மாறியது. காஸ் எரியாத கோடையிலும் காஸ் இணைப்புக்கு மாதக் கட்டணம் கட்டுகிறாள். "இரண்டு பேருக்கும் படியளக்கிறேன்" என்பாள்.

"மிச்சம் வேண்டாம், தட்டுப்பாடு வந்தால் உதவுமே" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் 2022 மார்ச்சில், காஸ் வரிசையில் நின்று வெறுத்து, இன்டக்ஷன் வாங்கினேன். அந்த மாதம் 31ஆம் திகதி பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. காஸும் இல்லை, கரண்டும் இல்லை. இரண்டுக்கும் முக்கிய காரணம் ஒன்றே: எரிபொருள் இறக்குமதிக்கு நாட்டில் டொலர் இல்லை. ஒரே கயிற்றில் தொங்கும் இரண்டு எரிபொருளில் ஒன்று மற்றதற்குக் காவல் ஆகாது.

அன்று சோறு போட்டது வீட்டுக்குப் பின்னால் அம்மா இடிக்க விடாமல் வைத்திருந்த களிமண் அடுப்பு. சிரட்டை, பொச்சுமட்டை, காய்ந்த ஓலை எல்லாம் வளவில் கிடக்கின்றன. 1978 நவம்பர் சூறாவளியில் விழுந்த தென்னைகளை மாதக்கணக்கில் எரித்ததாக அம்மா இன்றும் சொல்வார். தினமும் அதில் சமைக்கச் சொல்லமாட்டேன். புகை, அம்மாவின் இருமல், மாரியில் நனைந்த கொள்ளி. காசு கொடுத்து விறகு வாங்கினால் கணக்கும் கெட்டுவிடும். ஆனால் உங்கள் வளவில் நான்கு தென்னை இருந்தால் உங்கள் இரண்டாவது எரிபொருள் அதுதான், இன்டக்ஷன் அல்ல.

ஆகவே கடைக்குப் போகுமுன் கடைசி மூன்று மின் பட்டியல்களை எடுத்து, அடுத்த படிக்கு எத்தனை அலகு இடம் இருக்கிறது என்று பாருங்கள். 55 அலகில் இருப்பவர் என்றால் கேத்தலையும் தொடாதீர்கள்.

எங்கள் மீற்றர் இன்று காலை இந்த மாதத்துக்கு 106 காட்டியது. மாதம் முடிய நான்கு நாள் இருக்கிறது. இன்று முதல் தேநீர்த் தண்ணீர் காஸில்.