710 என்று அச்சடித்ததெல்லாம் மெரைன் ப்ளையா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "புது வீட்டில் சமையலறைக்கும் மூன்று படுக்கையறைக்கும் அலமாரி செய்ய 19 மி.மீ. ஹார்டுவுட் ப்ளை விசாரித்தோம். சதுர அடி ஒரு கடையில் 82 ரூபாய், இன்னொன்றில் 110, மூன்றாவதில் 145. மூன்று பலகையிலும் 710 என்று அச்சு இருக்கிறது. ஆசாரி 82 ரூபாய் கடையைத்தான் சொல்கிறார். கணவர் துபாயிலிருந்து, உப்புக்காற்றுக்கு எல்லா அறைக்கும் மெரைன் போடு என்கிறார். எதை வாங்குவது?"

சகோதரி, எல்லா அறைக்கும் மெரைன், அதாவது கொதிநீரையும் நெடுநேரம் தாங்கும் 710 தர ப்ளை, தேவையில்லை. படுக்கையறைக்கு பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை ஓரளவு தாங்கும்) தரத்தில் ஹார்டுவுட் கோர், அதாவது கெட்டி மர நடு அடுக்கு, உள்ள ப்ளை போதும். சமையலறைக்கு 710 போடுங்கள். எம்.ஆர். (ஈரக்காற்றை மட்டும் தாங்கும்) தரம் நம் கடற்கரைக்கு வேண்டவே வேண்டாம், யார் என்ன சொன்னாலும் சரி. அந்த 82 ரூபாய் பலகையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிரேடு என்று கடையில் சொல்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் பசையைப் பற்றியது. எம்.ஆர். பலகையில் யூரியா பசை. ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர்., மெரைன் இரண்டிலும் பினாலிக் பசை. ஐஎஸ் என்பது இந்தியத் தர எண். ஐஎஸ் 303-ல் வரும் பி.டபிள்யூ.ஆர். பலகை 8 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக்கூடாது. ஐஎஸ் 710 மெரைன் 72 மணி நேரம் தாங்க வேண்டும், அதோடு பூச்சி அரிக்காமலிருக்க மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். ஹார்டுவுட் என்பது வேறு கணக்கு. அது நடுவில் இருக்கும் அடுக்குகள் என்ன மரம் என்பது. நம் பக்கம் ஹார்டுவுட் என்று விற்பதில் பெரும்பாலும் தைல மரம். வடக்கே ஹரியானாவின் யமுனாநகர் பக்கமிருந்து வருவதில் பாப்லர் அதிகம், அது லேசான மரம், ஸ்க்ரூ பிடிமானம் குறைவு. இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கியதை ஆல்டர்நேட் என்பார்கள், விலையும் நடுவில் நிற்கும். ஆகவே 110-க்கும் 145-க்கும் உள்ள வித்தியாசம் பசையிலும் இருக்கலாம், கோரிலும் இருக்கலாம், வெறும் பிராண்ட் பெயரிலும் இருக்கலாம். எதற்காகக் கூடுதல் என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

மேலே சிவப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். "பர்மா குர்ஜன், பாருங்கம்மா கலரை" என்று தடவிக் காட்டுவார்கள். குர்ஜன் என்பது பர்மா பக்கத்துச் சிவப்பு மரம். பர்மா, அதாவது மியான்மர், 2014 ஏப்ரலிலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது குர்ஜன் என்று வருவதில் பெரும்பாலும் மேல்தாள் மட்டும் குர்ஜன், அதுவும் மெல்லிசு, சிலதில் வெறும் சாயம். பசையிலும் சாயம் கலக்கிறார்கள், பினாலிக் பசை கருஞ்சிவப்பாக இருக்கும் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதால்.

இனி 710 அச்சு. ஐஎஸ் 710 என்று எழுத ஒரு டப்பா மையும் ஒரு அச்சுத் தகடும் போதும். ஐஎஸ்ஐ முத்திரை, அதற்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண், இரண்டும் பலகையிலேயே இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்: தொழிற்சாலை பெயர், எந்தத் தரத்துக்கு உரிமம், அது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். 303-க்கு உரிமம் வாங்கிவிட்டு 710 என்று அச்சடிக்கிற ஆட்களும் உண்டு. இதைப் பிடிக்க வேண்டியது அரசு அதிகாரி. ஆனால் செல்போனை வைத்துக்கொண்டு கடையில் நின்று வீடு கட்டுகிறவர்கள்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. முத்திரையைக் கட்டாயம் என்று ஆணை போட்டால் மட்டும் போதுமா, கடைக்குள் வந்து பார்க்க ஆள் வேண்டாமா?

ஆசாரி விஷயத்துக்கு வருகிறேன். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் பல கடைகளில் ஆசாரிக்கும் இன்டீரியர்காரருக்கும் ஷீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் எழுதி வைத்திருக்கிறார்கள், சரக்கு மட்டமாக இருந்தால் கமிஷன் கூடும். வெளிநாட்டுப் பணத்தில் கட்டும் வீடு, வீட்டில் ஆண்கள் இல்லை என்று தெரிந்தால் இன்னும் துணிச்சல். 8க்கு 4 ஷீட் 32 சதுர அடி, 82 ரூபாய்க்கு 2,624. அதற்குள் ஹார்டுவுட் கோர், பினாலிக் பசை, 18 சதவீத ஜிஎஸ்டி, லாரி வாடகை, கடை லாபம், கமிஷன் அத்தனையும் அடங்குமா? நான் நம்பமாட்டேன். ஆசாரிக்குக் கூலியைச் சதுர அடிக்குப் பேசி முழுதாகக் கொடுங்கள், பலகையை நீங்களே மதுரையிலோ ராமநாதபுரத்திலோ வாங்குங்கள்.

வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். 19 மி.மீ. நல்ல பலகையில் பொதுவாக 13 அடுக்கு இருக்கும், நடுவில் விரல் நகம் நுழையும் சந்து இருக்கக்கூடாது. டேப் வைத்து அளந்து பாருங்கள், 17 மி.மீ. பலகையை 19 என்று தள்ளிவிடுவது சர்வசாதாரணம். தைல மரக் கோர் என்றால் ஷீட் ஏறத்தாழ 40 கிலோ வரும், பாப்லர் 30-ஐ ஒட்டி நிற்கும். ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து பழைய பாத்திரத்தில் நாலு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். யூரியா பசை என்றால் பெரும்பாலும் அதற்குள்ளேயே வாய் பிளந்துவிடும்.

சிங்க் அடிப்பகுதி தனி. அங்கே உண்மையான 710 போட்டாலும் தரையில் உட்கார வைத்தால் போச்சு. நம் ஊர் போர் தண்ணீர் உவர்ப்பு, குழாய் மூட்டில் உப்புப் பூத்துக் கசியும், அந்த ஈரம் வெட்டிய ஓரத்தின் வழியாக ஏறும். மெரைன் என்பது பசை விடாது, பூச்சி அரிக்காது என்ற உறுதி மட்டும். மரம் மரம்தான், ஊறினால் உப்பிப் போகும். அதனால் அடியில் கிரானைட் துண்டோ பிவிசி காலோ வைத்து நாலு அங்குலம் தூக்குங்கள். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றுக்கும், குழாய் போகும் ஓட்டைக்கும்கூட, பிரைமர் அடித்து எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டுங்கள். பின்பலகை சுவரைத் தொடாமல் விரல் அகலம் விடுங்கள். பாத்ரூம் சுவரை ஒட்டி அலமாரி வந்தால் அதற்கும் இதே முறைதான். கீலும் ஸ்க்ரூவும் 304 ஸ்டெயின்லெஸ், இதில் மட்டும் பேரம் வேண்டாம், உப்புக்காற்றில் பலகைக்கு முன்னால் இவைதான் போகும்.

"பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம்" என்பார்கள். பில்லில் ஐஎஸ் எண், உரிம எண், கனம், ஷீட் எண்ணிக்கை நான்கும் எழுதி வாங்குங்கள். ஆயுள் உத்தரவாத அட்டையைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் பலகையை மட்டும் மாற்றித் தருவார்கள், மைக்காவும் கூலியும் உங்கள் தலையில். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், சரக்கின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அங்கே பில்லும், எண் தெரியும்படி பலகையை எடுத்த போட்டோவும்தான் பேசும், அதனால் மைக்கா ஒட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள்.