அரூப ஓவியம் வரைகிறவர்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது? அவர்களுடைய அன்றாடம் எப்படி இருக்கும்?

கேள்விக்குக் கீழே கேட்டவர் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "எதையும் பார்த்து வரையாதவர்களுக்கு எண்ணம் எப்படி வரும்?" அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உருவம் தெரியாமல் நிறமும் கோடுமாக வரைவதுதான் அரூப ஓவியம். ஆனால் நான் பார்த்துத்தான் வரைகிறேன். பார்க்காமல் ஒரு கோடுகூட என்னால் போட முடியாது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, இன்னும் அங்கேயே இருக்கிறேன். வயது 31. பாடசாலையில் சித்திர ஆசிரியை. ஆறு வருடமாக அரூப ஓவியம் மட்டும் வரைகிறேன். மூன்று கூட்டுக் கண்காட்சிகளில் என் படங்கள் இருந்தன. ஏழு படம் விற்றிருக்கிறது.

முதலில் ஒரு கோச்சிப் பயணத்தை, அதாவது ரயில் பயணத்தைச் சொல்கிறேன். ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகிற வழியில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பெரியம்மா வீடு தலவாக்கலையில் என்பதால் பாடசாலை விடுமுறை விட்டால் அந்த வழியாகத்தான் போவோம். சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்ததும் பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஹூ என்று கத்துவோம். இருட்டு முடிந்து வெளியே வரும்போது கண் கூசும். அந்த நொடியில் மலை தெரியாது, மரம் தெரியாது, லயம் தெரியாது. பச்சை தெரியும். அதற்கு மேலே வெள்ளை தெரியும். கண்ணை இரண்டு தரம் மூடித் திறந்த பிறகுதான் பச்சை தேயிலையாகவும் வெள்ளை மூட்டமாகவும் பிரியும். எட்டு வயதில் அந்த நொடியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடிக்க முடியாதா என்று ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஏங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பொருளுக்குப் பெயர் வந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் கண் பார்க்கிற அதைத்தான் இன்றைக்கும் வரையப் பார்க்கிறேன்.

சரி, உருவத்தோடே வரையலாமே என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் அம்மா.

அம்மா 34 வருடம் கொழுந்து எடுத்தவர். காலையில் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, தனக்குக் கொடுத்த நிரையில், தேயிலைச் செடி வரிசையில், இறங்கினால் அந்தியில்தான் வருவார். மலைக்குப் பக்கத்து ரோட்டில் வேன் நிற்கும், வெளிநாட்டுக்காரர்கள் இறங்குவார்கள், சிரிக்கச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் அம்மாவைப் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக்கூட அம்மா பார்த்ததில்லை. தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் கூடை, பொட்டு, சிரிப்பு, பின்னால் பச்சை என்று ஒரே படம்தான். அதையே நானும் சாயத்தில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்தில் என் படங்களைப் புரட்டிப் பார்த்தவர், "தோட்டத்திலிருந்து வருகிறீர்கள், கொழுந்து பறிக்கிற பெண்கள் இருந்தால் உடனே போகும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வரைக்கும் அது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது.

அம்மாவின் முகத்தை விட்டுவிட்டு விரலைப் பார்க்கத் தொடங்கினேன். கொழுந்துப் பால் பட்டுப் பட்டு ஆட்காட்டி விரலின் ஓரமும் கட்டைவிரலின் உள்பக்கமும் கறுத்திருக்கும். தேங்காய்நார் போட்டுத் தேய்த்தாலும் வெடிப்புக்குள் இருக்கிற கறுப்பு போகாது. கிட்டே வைத்துப் பார்த்தால் அது ஒரே கறுப்பு இல்லை. நடுவில் பழுப்பு, ஓரத்தில் பச்சை கலந்த கறுப்பு, வெடிப்பின் அடியில் செம்மை. அந்த வெடிப்புகள் மலையில் வெட்டிய தண்ணீர்க் கான் மாதிரி ஓடும். என் முதல் அரூப ஓவியம் அந்தக் கட்டைவிரல்தான், மூன்றடி அகலத்தில். விரல் என்று யாரும் சொன்னதில்லை. மலை என்றார்கள், காய்ந்த ஆறு என்றார்கள். எல்லாமே எனக்குச் சம்மதம்.

நிறத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஸ்டோர். எங்கள் பக்கம் தேயிலை ஃபேக்டரியை அப்படித்தான் சொல்வோம். அப்பா அங்கே வேலை செய்தார். சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் உள்ளே நிற்பேன். வாடிய கொழுந்து ரோலரில் நசுங்கி வெளியே வரும்போது பச்சையாகத்தான் இருக்கும். பரப்பி வைத்தால் காற்றுப் பட்டு மெதுவாக நிறம் மாறும். பச்சை மங்கி, மஞ்சளாகி, இரண்டு மூன்று மணி நேரத்தில் புதுச் செப்புக்காசு மாதிரி பளபளக்கும். வாசனையும் கூடவே மாறும். அப்புறம் சூட்டில் போட்டதும் கறுப்பு. பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் இப்படி ஒரு செம்பு ஒளிந்திருக்கிறது என்று சித்திரப் புத்தகத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் படங்களில் பச்சை குறைவு, செம்பு நிறம் அதிகம். தேயிலை நாட்டுக்காரி பச்சையே போடவில்லையே என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

2022இல் நாடு நெருக்கடியில் விழுந்தபோது வெளிநாட்டு அக்ரிலிக் வண்ணம் கடைகளில் காணாமல் போனது. கிடைத்தாலும் சின்ன டியூப் ஒன்றின் விலை அம்மாவின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டியது. கையில் இருந்தது சுவர் பூசுகிற வெள்ளை பெயின்ட், அடுப்புக் கரி, தேயிலைத் தூள். தூளைக் கெட்டியாகக் காய்ச்சிக் கடதாசியில் பூசத் தொடங்கினேன். ஒரு நாள் ஈரக் கடதாசி காற்றில் பறக்காமல் இருக்க தேயிலைச் செடி வெட்டுகிற, அப்பாவின் பழைய கவ்வாத்துக் கத்தியை மேலே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்து எடுத்தால் கத்தி இருந்த இடத்தில், வளைவோடு, கருநீலம். துரு இறங்கி இருந்தது. தேயிலையில் இருக்கிற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் இந்த நிறம் வரும். முன்பு துவர்ப்பு மிக்க மாசிக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை செய்ததும் இதே முறையில்தான். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. கத்தியைத் திரும்பத் திரும்ப வைத்து எடுத்து ஒரு வாரம் பைத்தியம் பிடித்தவள் போல இருந்தேன். ஆணி, லாடம், உடைந்த தகரம், எது கிடைத்தாலும் வைத்துப் பார்த்தேன்.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். வெறும் தேயிலைச் சாயம் வெயிலில் வெளுத்துவிடும். இரும்பு சேர்ந்த கருநீலம் உறுதியானது, ஆனால் அளவு மீறினால் நாளடைவில் கடதாசியையே அரித்துவிடும். அதனால் சாயத்தை மெல்லியதாக, பல தடவையாகப் பூசுகிறேன். நல்ல பருத்திக் கடதாசிதான் எடுப்பேன். மஞ்சள் தூளில் ஆசைப்பட்டு விடாதீர்கள். சுண்ணாம்பு பட்டால் சிவந்து கண்ணைப் பறிக்கும், ஆனால் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் நிற்கவே நிற்காது. தேயிலையை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவள் நான் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலையகத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் தேயிலைப் பைகளையும் வைத்தே தோட்டத்து வாழ்க்கையைச் சொல்கிறவர். அவர் படைப்புகளைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுப் பொருளை வெட்கமில்லாமல் கையில் எடுக்கும் தைரியம் எனக்கு வந்தது.

வேறு ஓவியர்கள் என்றால், இலங்கையில் 1943இல் தொடங்கிய 43 குழுவைச் சேர்ந்தவர்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதில் ஜோர்ஜ் கீற் கண்டியில் பிறந்தவர், பெயர் பெற்றவர். அவர் கோடுகளின் வளைவு எனக்குப் பிடிக்கும், ஆனால் என் மனம் போனது அதே குழுவின் ஜோர்ஜ் கிளாசன் பக்கம். கொழும்புத் துறைமுகத்தில் வரைவாளராக இருந்துகொண்டு தானாகவே ஓவியம் பழகி, அரூபத்துக்குப் போனவர். வேலை பார்த்துக்கொண்டே வரைகிறவர்களுக்கு அவர் ஒரு தெம்பு. இந்தியாவின் நஸ்ரீன் முகமதி (1937–1990) பேனாவாலும் பென்சிலாலும் போட்ட கோடுகளைக் கணினியில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நிரைகள்தான் ஞாபகம் வந்தன. அவர் கோடு கத்தி போல நேர். எங்கள் நிரை மலை சொல்கிறபடி வளையும், கல் வந்தால் ஒதுங்கும். அந்த ஒதுங்கலைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதாகும். அவருடைய கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களை என் சித்திர ஆசிரியர் வீட்டில் இருந்த பழைய தமிழ்ச் சஞ்சிகைகளில் பார்த்தேன். அவர் பிற்காலத்தில் வரைந்த பெரிய வண்ண ஓவியங்களில் நிலமும் நீரும் ஆகாயமும் பெயர் இல்லாமல் வெறும் வண்ணமாகக் கிடக்கும். அவர் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர் என்று பிறகு படித்தேன். எங்கள் பாட்டனாரின் அப்பாவும் துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்த மண்ணை நான் மிதித்ததில்லை. அவர் படத்தில் இருக்கிற காவியைப் பார்க்கும்போது மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அன்றாடம் என்று கேட்டீர்கள். நாலரைக்கு எழும்புவேன். தண்ணீர் பிடித்து, வேலை முடித்து, ஆறரை பஸ். பாடசாலை முடிந்து வீடு வர மூன்று மணி. மூன்றிலிருந்து ஆறு வரைதான் எனக்கு ஓவிய நேரம், ஏனென்றால் அதற்குப் பிறகு எங்கள் லயத்து அறையில், அதாவது காம்பராவில் இருக்கிற பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்ப முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. பெரிய கன்வஸ் கதவுக்குள் நுழையாது. அதனால் இரண்டடிச் சதுரமாகத் துண்டு துண்டாக வரைந்து, ஒன்பதைச் சேர்த்து ஒரு படமாக்குகிறேன். முழுப் படத்தையும் நானே பார்ப்பது கண்காட்சிச் சுவரில்தான். பாடசாலை மண்டபம் ஒருநாள் காலியாக இருந்தால் அங்கே தரையில் பரப்பிப் பார்த்துக்கொள்வேன்.

வைகாசிக்குப் பிறகு மழை பிடித்தால் எதுவும் காயாது. கன்வஸின் பின்பக்கம் பூஞ்சணம் பூக்கும். அப்போது அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுவோம். புகை படிந்து வெள்ளை கொஞ்சம் பழுப்பாகும். முதலில் அதைத் துடைத்துத் துடைத்து அழுதிருக்கிறேன். இப்போது வெள்ளை பூசும்போதே புகைக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பூசுகிறேன்.

கையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். அதில் படம் இருக்காது, நிறம் மட்டும் எழுதுவேன். போன மாதத்தில் ஒரு குறிப்பு: "காலை 6.10, கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தகரம். ஈரத்தில் ஈயம். ஓரத்தில் துரு, பழுத்த பலாச்சுளை. மேலே மூட்டம், அரிசி கழுவின தண்ணி." மனம் ஓடாத நாளில் அந்தக் கொப்பியைத் திறந்து ஒரு குறிப்பை எடுத்து, அந்த நிறம் வரும் வரைக்கும் கலப்பேன். அவ்வளவுதான் வேலை. பெரும்பாலும் கலக்கிக் கலக்கி அரை மணியில் கை தானாக அடுத்த இடத்துக்குப் போய்விடும். போகாவிட்டால் கடதாசிக்கு அடிப்பூச்சுப் பூசிவிட்டு எழும்பிவிடுவேன்.

அரூப ஓவியம் படித்தவர்களுக்குத்தான் புரியும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். போன வருடம் ஒன்பது துண்டையும் லயத்து வாசலில் சாக்கு விரித்துப் பரப்பியிருந்தேன். சாம்பல், பழுப்பு, அங்கங்கே வெள்ளைக் கீறல், ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் செம்பு. அம்மா வேலை விட்டு வந்தவர் கூடையோடு நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏம் புள்ள, இது கவ்வாத்து வெட்டுன மலைதானே?"

ஆமாம் என்றேன். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியின் கிளைகளைத் தாழ வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டினதும் இலை ஒன்றும் இல்லாமல் மலை முழுக்க எலும்பாக நிற்கும். நான் வரைந்தது அதையேதான். படத்தில் ஒரு செடிகூட இல்லை.

அப்புறம் அந்தச் செம்பு நிற மூலையைக் காட்டி, "இந்தப் பக்கம் துளிர் வந்துட்டுது" என்றார். எனக்கே அது தெரியாது. அந்த மூலையில் நிறம் வேண்டும் என்று மட்டும்தான் கை சொன்னது.

இப்போது சிங்கமலை என்ற பெயரில் ஒன்பது துண்டுகள் செய்கிறேன். ஏழு முடிந்துவிட்டது. சுரங்கத்தை விட்டு வெளியே வருகிற இடம் எட்டாவது துண்டில் வருகிறது. ஐந்து நாளாக விடாத மழை. அது அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது, தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துவிடும் என்று அம்மா அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்.