டீசல்ல சல்ஃபர் எடுக்குற பவுடர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம், சொந்தமா பிஎஸ்6 லாரி ஓட்டுறேன், டேங்க் 350 லிட்டர். பைபாஸ்ல ஒரு கடையில மெட்டல் ஆக்சைடு பவுடர்னு ஒரு டப்பா 1,800 ரூபாய்க்கு விக்கிறாங்க, டேங்க்ல கொட்டுனா டீசல்ல இருக்க சல்ஃபர பூரா புடிச்சுக்கும், மைலேஜ் ஏறும்ங்கிறாங்க. ரிஃபைனரியிலயே இதத்தான் போடுறாங்களாமே, வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி, அந்தக் காசுக்கு நல்ல டீசல் ஃபில்டர் வாங்குங்க. 2020 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க பங்க்ல வர்றது பிஎஸ்6 டீசல்தான், அதுல சல்ஃபர் 10 பிபிஎம்ம, அதாவது பத்து லட்சம் பங்குல 10 பங்க தாண்டக்கூடாது, பிஎஸ்3 காலத்துல 350, பிஎஸ்4ல 50னு இருந்தது. உங்க டேங்க் ஃபுல்லா இருந்தா டீசல் சுமாரா 290 கிலோ, அதுல சல்ஃபர் மிஞ்சிப்போனா 3 கிராம். அதையும் எடுத்துட்டா மைலேஜ் எப்படி ஏறும்? சல்ஃபருக்கும் மைலேஜுக்கும் சம்பந்தமே இல்ல.

ரிஃபைனரி கதை பாதி நெசம், அதனாலதான் ஆளுங்க நம்பிடுறாங்க. மணலி மாதிரி ரிஃபைனரியில டீசல ஹைட்ரஜனோட சேத்து 300 டிகிரிக்கு மேல சூடாக்கி, பயங்கர பிரஷர்ல கேட்டலிஸ்ட் (வினைய வேகப்படுத்துற பொருள்) மேல விடுவாங்க, அப்பதான் கார்பனோட கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்க சல்ஃபர் கழண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவா வெளிய வரும். ஜிங்க் ஆக்சைடுங்கிற மெட்டல் ஆக்சைடு புடிக்கிறது அந்த மாதிரி வாயுவ, அதுவும் 350 டிகிரி சூட்டுல. உங்க டேங்க்ல அந்த சூடும் இல்ல, ஹைட்ரஜனும் இல்ல, பவுடர் போய் அடியில சேறு மாதிரி உக்காரும், அவ்ளோதான். அதுல நைசா இருக்கறது ஃபில்டர அடைக்கும், அதையும் தாண்டிப் போனா பம்ப், இன்ஜெக்டர தேய்ச்சிடும், எரிஞ்சு முடிஞ்சப்புறம் அந்த மெட்டல் சாம்பல் டிபிஎஃப்ல, அதாவது புகையில வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்ல போய் தங்கிடும். கரி எரிஞ்சு போயிரும், சாம்பல் போகாது. அந்த செலவ நெனச்சாலே எனக்கு வயித்த கலக்குது.

வீட்டுல சாண எரிவாயு கலன் இருந்தா அது வேற விஷயம். அதுல அழுகுன முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு கேஸுக்கு இரும்பு ஆக்சைடு ஃபில்டர் சாதாரண சூட்டுலயே வேலை செய்யும், செங்காவி நிறம் கருப்பாயிடுச்சுன்னா மாத்திடணும். மாத்துறப்ப வெளிய வச்சுத்தான் கொட்டணும், காத்து பட்டா சூடேறி தீகூட புடிக்கும்.

ஏற்கனவே கொட்டிட்டீங்கன்னா வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, டேங்க கழட்டி கழுவி ஃபில்டர மாத்திட்டு எடுங்க. பில் கைல இருந்தா 1915க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் பதிஞ்சிடுங்க.