யூரின் கல்ச்சரில் மூன்று கிருமி: மூன்றுக்கும் மருந்து வேண்டுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 74 வயது. ப்ராஸ்டேட் வீக்கத்தால் ஆறு வாரமாக யூரின் டியூப் இருக்கிறது. கலங்கலாகப் போகிறதே என்று பையிலிருந்து பிடித்து, பாளையங்கோட்டை லேபில் கொடுத்தோம். ஈ.கோலை, புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் என மூன்று கிருமி வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். மூன்றுக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். டியூப் போட்டு ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டதாக. டியூப்பின் உட்சுவரில் வழவழப்பான படலம் கட்டி அதற்குள் சேர்ந்தே வாழ்கின்றன. காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி எதுவும் இல்லாதபோது, கலங்கலையும் வாடையையும் மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் படலம் போகாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிதான் மிஞ்சும். பின்னால் நிஜமாகவே காய்ச்சல் வரும்போது கைவசம் மருந்து குறைந்துவிடும்.

அந்த ரிப்போர்ட்டையும் அப்படியே நம்ப முடியாது. பையில் தேங்கிய சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுக்கவே கூடாது. பஸ்ஸில் வெயிலோடு போயிருந்தால் இன்னும் மோசம். கிருமி அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால்கூட நாலு மணி நேரத்தில் 256 மடங்காகிவிடும். கொஞ்சமாகக் கலந்ததும் ரிப்போர்ட்டில் ஏராளமாகத் தெரியும்.

அறிகுறி வந்து கல்ச்சர் எடுக்க நேர்ந்தால், டியூப் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருக்கும்பட்சத்தில் முதலில் பழைய டியூப்பை மாற்றச் சொல்லுங்கள். புது டியூப்பில் வரும் சிறுநீரை, பையை மாட்டும் முன்பே லேப் தந்த ஸ்டெரைல் டப்பாவில் பிடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் அதற்குப் பிறகுதான். டப்பா இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாதென்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், 24 மணி நேரம் வரை தாங்கும். போகும் வழியிலும் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். "டியூப் மாற்றி எடுத்தது" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பல கிருமி கண்டதும், மாதிரி கெட்டுவிட்டது என்று லேபில் ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு.

அப்படி எடுத்ததிலும் இரண்டு கிருமி ஒரு மில்லிக்கு லட்சத்துக்கு மேல் வந்து, காய்ச்சலும் இருந்தால் அது கலப்புத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கேதான் மருந்துத் தேர்வு சறுக்கும். செஃபிக்ஸிம் ஈ.கோலையைக் கொன்றாலும் என்டரோகாக்கஸை ஒன்றும் செய்யாது. செஃபலோஸ்போரின் என்ற அந்தக் குடும்ப மருந்துகளுக்குப் பொதுவாக என்டரோகாக்கஸ் இயல்பாகவே மசியாது. நைட்ரோஃபுரன்டாயின் புரோட்டியஸிடம் செல்லாது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கிருமிக்கும் எது கேட்கும் என்ற பட்டியலோடு டாக்டரிடம் போங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் புரோட்டியஸ் பெயர் இருப்பதால் ஒன்றைக் கவனியுங்கள். அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீரின் காரத்தன்மை ஏறி, மணல் போன்ற உப்பு டியூப்பின் துளையில் படிந்து அடைத்துவிடும். பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படாமல், டியூப் மடங்காமல். முக்கால்வாசி நிறையும் முன்பே காலி செய்யுங்கள்.

பையில் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு புடைத்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, திடீரென்று பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டியூப்பை நீங்களாகப் பிடுங்காமல், உள்ளே தண்ணீர் செலுத்தாமல், பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள்.