சபாங்கில் நங்கூரம் போடும் முன்

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் ஆஸ்திரேலிய நண்பரிடம் 38 அடி பாய்மரப் படகு இருக்கிறது. ஜனவரியில் லங்காவியிலிருந்து சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்குக்குப் போகலாம் என்கிறார். நான் மலேசியக் குடிமகன். கூட வரும் என் மச்சானுக்கு இந்திய பாஸ்போர்ட். சின்னத் துறைமுகம் என்பதால் யாரை முதலில் பார்ப்பது, ஏஜெண்ட் வைக்க வேண்டுமா, கையூட்டு கேட்பார்களா என்று எதுவும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்."

ஏஜெண்ட் கட்டாயமில்லை. மூன்று பேரும் நிதானமாக இருந்தால், எல்லா வேலையையும் நீங்களே ஒரு பகலில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு பகல் சிக்கலில்லாமல் போவது லங்காவியை விட்டுக் கிளம்பும் முன் நீங்கள் செய்து வைக்கும் வேலையைப் பொறுத்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், சபாங் நல்ல தேர்வு. இந்தோனேசியாவில் கண்ட கண்ட துறைமுகத்தில் வெளிநாட்டுப் படகு நுழைய முடியாது. 2015இல் வந்த 105ஆம் எண் அதிபர் ஆணை, உல்லாசப் படகுகள் நாட்டுக்குள் வரவும் வெளியேறவும் 18 துறைமுகங்களைக் குறித்துக் கொடுத்தது. சபாங், பெலாவான், பத்தாமின் நோங்சா, பாலியின் பெனோவா, குப்பாங், கூமாய், அம்போன், சவும்லாக்கி, சோரோங் எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்னால் 'கெய்ட்' என்ற கடல் அனுமதிச் சீட்டை வாரக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆணை அதை நீக்கிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அதைப் பற்றிப் படித்தால் குழம்ப வேண்டாம்.

விசாவைப் பொறுத்தவரை மூன்று பேருக்கும் ஒரே கதை இல்லை. உங்களுக்கு ஆசியான் சலுகை இருப்பதால் விசா இல்லாமல் 30 நாள் இருக்கலாம், ஆனால் அதை நீட்டிக்க முடியாது. மச்சானுக்கும் நண்பருக்கும் 'விசா ஆன் அரைவல்', அதாவது போய் இறங்கியதும் வாங்கும் விசாவுக்குத் தகுதி உண்டு. கட்டணம் 5,00,000 ரூப்பியா, 30 நாள், ஒரு முறை மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். எல்லாக் கடல் துறைமுகத்திலும் அந்த விசா கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். பாய்மரப் பயணத்தில் காற்றும் எஞ்சினும் நம் சொல் கேட்பதில்லை என்பதால், அவர்கள் இருவரும் 60 நாள் தரும் சி1 சுற்றுலா விசாவை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது என்பேன். குறித்த நாளைத் தாண்டித் தங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10,00,000 ரூப்பியா தண்டம். எஞ்சின் உதிரிபாகத்துக்காக ஒரு வாரம் காத்துக் கிடந்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து காகிதங்கள். படகின் பதிவுச் சான்று அசலாக இருக்க வேண்டும். உரிமையாளர் படகில் இல்லாமல் வேறு யாராவது ஓட்டினால் அவருடைய அதிகாரக் கடிதமும் வேண்டும். உங்கள் விஷயத்தில் அவரே வருவதால் கவலையில்லை. காப்பீட்டுப் பத்திரம், ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டுகள், லங்காவியில் வாங்கிய துறைமுக விடுப்புச் சீட்டு ஆகியவையும் தேவை. அந்தச் சீட்டில் 'அடுத்த துறைமுகம்' என்ற இடத்தில் சபாங் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். 'இந்தோனேசியா' என்று பொதுவாக எழுத விடாதீர்கள். ஆட்கள் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், படகின் பெயர், பதிவு எண் போட்ட ரப்பர் முத்திரை ஒன்று. விளையாட்டாகச் சொல்லவில்லை. கிழக்கே ஒரு சிறு துறைமுகத்தில் எங்கள் பட்டியலில் கையெழுத்து மட்டும் இருந்தது, முத்திரை இல்லை. ஊருக்குள் போய் முத்திரை செய்பவரைத் தேடிப் பிடித்து, செய்து முடித்துத் திரும்புவதற்குள் அலுவலகம் மூடிவிட்டது. மறுநாள் காலைவரை, நுழைவு அனுமதி இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியோடு படகிலேயே கிடந்தோம். அங்கே முத்திரை இல்லாத தாளுக்கு மதிப்பில்லை.

சுங்கத்துறைக்கான படகு அறிவிப்பை இணையத்தில் முன்பே நிரப்பி அச்செடுத்துக் கொண்டு போகலாம். அதன் பேரில்தான் படகைத் தற்காலிக இறக்குமதியாக உள்ளே விடுகிறார்கள், மூன்று ஆண்டு வரைகூட. கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியின் அவுட்போர்டு எஞ்சின், ரேடியோ, உதிரிபாகங்கள் எல்லாவற்றையும் வரிசை எண்ணோடு அதில் எழுதுங்கள். மீன் குத்தும் துப்பாக்கி, ட்ரோன் இருந்தால் மறைக்க வேண்டாம். இவை தவிர, குடிநுழைவு, சுங்கம், உடல்நலம் மூன்றுக்கும் சேர்த்து 2025 முதல் 'ஆல் இந்தோனேசியா' என்ற ஒரே வருகைப் படிவம் வந்திருக்கிறது. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அதை நிரப்ப வேண்டும். நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்பதால் லங்காவியில் கயிறு அவிழ்க்கும் அன்றே முடித்துவிடுங்கள்.

எந்தக் கிழமை கிளம்புவது என்பதைப் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் அரசு விடுமுறை வெள்ளியும் சனியும். சபாங் இருக்கும் ஆச்சே மாநிலத்தில் சனியும் ஞாயிறும். அதுவும் ஆச்சேயில் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக எல்லாம் நின்றுவிடும். வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்தால் திங்கள் வரை மஞ்சள் கொடியோடு படகில் உட்கார்ந்திருக்க நேரலாம். லங்காவியிலிருந்து சபாங் சுமார் 270 கடல்மைல். 38 அடிப் படகு மணிக்கு நாலரை முதல் ஐந்து கடல்மைல் வேகத்தில் போனால் 54 முதல் 60 மணி நேரம் ஆகும். என்னைக் கேட்டால், ஞாயிறு பகலில் லங்காவியில் விடுப்புச் சீட்டு வாங்கி, மாலை ஆறு மணிக்குப் பாய் விரியுங்கள். புதன் விடியலில், சபாங் இருக்கும் வே தீவு கண்ணில் படும். காற்று நன்றாக அடித்து முன்னதாகவே போய்விட்டால், விடியும்வரை கடலிலேயே படகை நிறுத்தி வைத்துக் காத்திருங்கள். தெரியாத விரிகுடாவுக்குள் இருட்டில் நுழையாதீர்கள். சபாங் கடிகாரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜனவரியில் வாடைக்காற்று உங்களுக்குச் சாதகம். மேற்கு நோக்கிப் போகும் படகுக்கு அது பின்வலப்பக்கமாக வரும். மலாக்கா நீரிணையிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் கப்பல்கள்தான் நான் கவலைப்படும் விஷயம். அவை வே தீவுக்கு வடக்கே வரிசையாகப் போகும். நீங்கள் கிளம்புவது அந்த வரிசைக்கு வடக்கே, போய்ச் சேருவது தெற்கே. நேர்கோடு போட்டு ஓட்டினால் அந்தப் பாதையைச் சாய்வாக, மணிக்கணக்கில் உரசிக்கொண்டே கடப்பீர்கள். வடக்கே தள்ளியே வந்து, கடைசியில் பகல் வெளிச்சத்தில் கூடியவரை குறுக்காக வெட்டிக் கடந்துவிடுங்கள். நான் சொன்ன கணக்குப்படி கடைசி இரவு கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை, புதன் காலை வெட்டிக் கடந்து மதியத்துக்கு முன் உள்ளே போகலாம். உங்கள் படகு இருக்குமிடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டும் ஏஐஎஸ் கருவியை அணைக்காதீர்கள். கரையை நெருங்க நெருங்க விளக்கில்லாத மீன்பிடிப் படகுகளும், மீனை ஈர்க்க மிதக்கவிட்ட 'ரும்போன்' மிதவைகளும் தட்டுப்படும். முன்புறத்தில் ஒருவர் கண் விழித்திருக்க வேண்டும்.

இந்தோனேசியக் கடல் எல்லைக்குள் நுழைந்ததும் வலப்புறம் மஞ்சள் கொடி ஏற்றுங்கள். 16ஆம் சேனலில் சபாங் துறைமுகத்தைக் கூப்பிட்டுப் பெயர், எத்தனை பேர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான், பதிவேட்டில் நேரத்தை எழுதி வையுங்கள். விரிகுடா ஆழமானது, அடியில் பவளமும் உண்டு. அறுபது எழுபது மீட்டர் சங்கிலியாவது வைத்திருங்கள், மணல் தெரியும் இடம் பார்த்துப் போடுங்கள்.

அதன்பின் படகின் தலைவர் மட்டும் கரைக்குப் போகலாம். மற்ற இருவரும் படகிலேயே இருக்க வேண்டும். யாரை முதலில் என்று கேட்டீர்கள். உடல்நலத் தனிமைப்படுத்தல் அலுவலகம் முதலில். அவர்கள்தான் படகுக்குப் பச்சை அட்டை உடல்நலப் புத்தகமும், ஆறு மாதம் செல்லும் சுகாதாரச் சான்றும் தருவார்கள். அடுத்து சுங்கம், பிறகு குடிநுழைவு, கடைசியில் துறைமுக அதிகாரியான 'ஷாபந்தர்'. விலங்கு, தாவரங்களைப் பார்க்கும் 'கரந்தினா' தனி. அதனால் பச்சை இறைச்சியையும் பழங்களையும் வழியிலேயே தின்று தீர்த்துவிடுங்கள். சில நாள் இவர்களே படகுக்கு வருவார்கள், சில நாள் நீங்கள் அலுவலகம் அலுவலகமாகப் போக வேண்டும். எப்படியானாலும் முழுக்கால்சட்டை, காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். படகுக்கு வந்தால் நிழலில் உட்கார வைத்துக் காபியோ டீயோ கொடுங்கள். ரமலான் மாதமாக இருந்தால் பகலில் கொடுக்காதீர்கள்.

கரையேறும் முன் கணக்குத் தீர்ப்பது சுமத்ராவில் புதிய வழக்கமில்லை. மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதைத்தான் பேசுகிறது. ஐநூற்றுவர் வணிகக் குழு பொறித்தது. வந்து சேரும் மரக்கல நாயகர், அதாவது கப்பல் தலைவர், கஸ்தூரி விலையை ஒட்டிய பொன்னைச் செலுத்திவிட்டுத்தான் விரித்திருக்கும் பாவாடையில் (நடக்க விரிக்கும் துணியில்) கால் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை முதல் முறை படித்தபோது நான் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மலாய் மொழியின் 'காப்பால்' நம் 'கப்பல்'தான் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கையூட்டு பற்றிக் கேட்டீர்கள். முறையான கட்டணங்கள் சிறியவை, அவற்றுக்கு ரசீது உண்டு. யாராவது ரசீதில்லாத தொகை கேட்டால் கோபப்படாமல், சிரித்த முகத்தோடு 'குவித்தான்சி இருக்கிறதா பாக்?' (ரசீது இருக்கிறதா ஐயா?) என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். அவசரமில்லாதவரிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாளே போய் நில்லுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மலாய் தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊரில் 'பெர்ச்சூமா' என்றால் இலவசம். அங்கே 'வீண்' என்று பொருள். இலவசத்துக்கு 'கிராத்திஸ்' என்பார்கள். சிறுவனை 'பூடாக்' என்று கூப்பிட்டுவிடாதீர்கள், அங்கே அது அடிமை. டீசலுக்கு 'சோலார்'. அந்த டீசலில் பனையெண்ணெய் எரிபொருள் கலந்திருக்கும், 2025 முதல் 40 சதவீதம். அது ஈரத்தை இழுக்கும், பழைய தொட்டியின் அழுக்கைக் கிளப்பிவிடும். எரிபொருள் வடிகட்டி அரை டஜனாவது எடுத்துப் போங்கள்.

ஆச்சேயில் இஸ்லாமியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் மது இருந்தால் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள், கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். நீச்சல் உடையோடு ஊருக்குள் நடக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தூண்டில் போடாதீர்கள். அங்கே மீனவர்களுக்கு 'பங்லிமா லாவோத்' என்ற கடல் தலைவர் உண்டு, வெள்ளியில் மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர்கள் காக்கும் கடல் வழக்கம். சுனாமி நினைவாக டிசம்பர் 26ஆம் தேதியும் அப்படித்தான்.

எல்லா முத்திரையும் விழுந்த பிறகு மஞ்சள் கொடியை இறக்கி இந்தோனேசியக் கொடியை ஏற்றுங்கள். சிவப்பு மேலே, வெள்ளை கீழே. 2017 கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி வழிகாட்டி நூலில் அது தலைகீழாக அச்சாகி எவ்வளவு மனவருத்தம் ஆனது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கிழிந்த கொடியும் வேண்டாம்.

வழியில் கம்பம் முறிந்தோ எஞ்சின் நின்றோ வேறு சிற்றூரில் ஒதுங்க நேர்ந்தால், மஞ்சள் கொடியோடு நங்கூரம் போட்டு, ஒருவர் மட்டும் போய் ஊர்த்தலைவரிடமோ ஷாபந்தரிடமோ சொல்லுங்கள். பல ஊர் முகப்பில் 'விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்' என்ற பலகையைப் பார்ப்பீர்கள். போய்ச் சொன்னவரை அவர்கள் விருந்தாளியாகவே நடத்துவார்கள்.

திரும்பும்போது சுங்கம், குடிநுழைவின் வெளியேற்ற முத்திரை, கடைசியாக ஷாபந்தரின் பயண ஒப்புதல். அந்த ஒப்புதல் 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதனால் டீசல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் ஏற்றி முடித்து, வானிலையையும் பார்த்துவிட்டு, அப்புறம் போய் அதை வாங்குங்கள்.